கறை நாள்

நாற்பத்தோராவது மகிழ்நனும் "மாட்டேன்" என்றுதான் சொன்னான்.

டாக்டர் பொற்கொடிக்குத் தலையைக் கொண்டுபோய் எங்காவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனைக்கும் இவன் கடைசி மகிழ்நன். செப்டம்பர் நான்காம் தேதி விடியற்காலை ஐந்து மணிக்குக் கண்விழித்தவன். அதே நாள் காலை ஏழே முக்காலுக்கு, நான்கு கூட்டாளிகளோடு, வெடிமருந்து ஏற்றிய வேனில் துவாக்குடி நகல் கிடங்குக்குள் போய் மோதி, அவர்களோடு தானும் செத்து, உள்ளே வேலையாயிருந்த பதினோரு பேரையும் கொன்றவன். இடையில் இருந்தது வெறும் இரண்டே முக்கால் மணி நேரம். அப்படிப்பட்டவனை எழுப்பி உட்காரவைத்து, "நீ இதைச் செய்வாயா?" என்று கேட்டால், "மாட்டேன் மேடம், வழியில இறங்கிடுவேன்" என்கிறான். முந்தைய நாற்பது பேரும் இதைத்தான் சொன்னார்கள். அப்படியானால் செய்தது யார்?

ஊரில் முக்கால்வாசிப் பேர் காதுக்குப் பின்னால் கடுகளவு ஒரு பொட்டை ஒட்டிக்கொண்டு திரிகிற காலம் அது. ஆள் தூங்கும்போது அந்தப் பொட்டு மூளையை ஒரு சுற்றுப் படித்துவிட்டு, விழிக்கிற நேரத்தில் அன்றைய நகலைக் கிடங்குக்கு அனுப்பிவிடும். ஆள் போய்ச் சேர்ந்துவிட்டால் வீட்டார் மாதத்தில் ஒரு மணி நேரம் நகலைத் திரையில் எழுப்பிப் பேசலாம். முகம் இருக்கும், குரல் இருக்கும், பழைய கோபதாபமெல்லாம் அப்படியே இருக்கும். உடம்பு மட்டும் இருக்காது.

பிடிக்காதவர்களும் இருந்தார்கள். செத்தவர்களின் ஆவியைக் கிடங்கில் பூட்டிவைத்துச் சித்திரவதை செய்கிறோம், அதை விடுவிப்பதுதான் புண்ணியத்திலெல்லாம் பெரிய புண்ணியம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. விடுவிப்பார் என்று பெயர். அதில் சேருகிறவர்கள் முதல் நாளே எல்லார் முன்னாலும் பொட்டைப் பிய்த்துத் தணலில் போட்டுவிட வேண்டும். மகிழ்நனும் போட்டான். போட்டவன் மறு வாரமே இன்னொரு பொட்டை வாங்கிப் பிடரி முடிக்குள் மறைத்து ஒட்டிக்கொண்டான். ஆவிகளை விடுவிக்கப் போன வீரனின் இருநூற்று எழுபது நகல்கள் இன்னொரு ஊர்க் கிடங்கில் பத்திரமாக இருந்தது இப்படித்தான். பொற்கொடி அவற்றில் நாற்பத்தொன்றை எழுப்பிவிட்டாள்.

எழுப்பியது பொழுதுபோகாமல் இல்லை. சட்டம் ஒன்று இருந்தது. குற்றம் செய்துவிட்டுச் செத்தவனின் மனம் என்றைக்குக் குற்றத்துக்குத் தயாரானதோ, அந்த நாளுக்குக் கறை நாள் என்று பெயர். அதற்கு முந்தைய நகல்கள் வீட்டாருக்கு. பிந்தையவை அழிவுக்கு. நாளைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியது ஐந்து பேர் கொண்ட குழு. குழுவில் உளவியல் ஆள் பொற்கொடி.

குழுத் தலைவர் இணைச் செயலர் வைத்தியலிங்கம். தினமும் காலை பத்து மணிக்குப் போன் செய்து அவள் உயிரை வாங்கினார்.

"டாக்டர், ஒரே ஒரு தேதிதான கேக்கறேன்? காலண்டர்ல முந்நூத்தி அறுபத்தஞ்சு இருக்கு. அதுல ஒண்ணு குடுக்கக் கூடாதா?"

"சார், அப்படி ஒரு நாள் இருந்தா குடுப்பேன். எழுப்புற ஒவ்வொருத்தனும் மாட்டேங்கறான்."

"பொய் சொல்றான்."

"நகலால பொய் சொல்ல முடியாது சார். சொன்னா மனஅளவி காட்டிக் குடுத்துரும். நீங்கதான் அந்த மெஷினை வாங்க கையெழுத்துப் போட்டீங்க."

"அப்ப எப்படி டாக்டர் போய் மோதினான்? வேன் தானா போச்சா?"

நல்ல கேள்விதான். அதற்குப் பதில் தெரிந்தால் பொற்கொடி ஏன் இந்தப் பாடு படுகிறாள்?

ஆராய்ச்சிக் கூடத்துக்கு வெளியே வராந்தாவில் பாக்கியம் உட்கார்ந்திருப்பாள். மகிழ்நனின் அம்மா. லால்குடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவாள். தெருவில் அவள்மேல் ஒருத்தி காறித் துப்பியதிலிருந்து வீட்டில் இருப்பதைவிட இங்கே இருப்பதே மேல் என்று நினைத்தாளோ என்னவோ, நாள் தவறவில்லை. அவளுக்கு அழுது தீர்த்த முகம். ஆனால் பேச்சில் அழுகை கிடையாது. எரிச்சல்தான்.

"இன்னிக்காவது தேதி கெடச்சுதா டாக்டரம்மா?"

"இன்னும் இல்லம்மா."

"கொஞ்சம் பின்னாடியே தள்ளிப் போடுங்க. அஞ்சு மாசம் வீட்டுப்பக்கமே வராம இருந்தான். கடசி வாரந்தான் வந்தான். வந்து ரெண்டு வாய் சோறு தின்னான். அந்த மகி கெடச்சா போதும் எனக்கு."

"கெடச்சா என்ன பேசுவீங்க?"

"பேசுறதா? கன்னத்துல நாலு அறை விடணும். அவனுக்குக் கன்னம் கெடயாதாமே, உள்ள மெஷின் பாக்குற தம்பி சொல்லிச்சு. அப்ப நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்கணும். பதினோரு வீட்டுல எழவு விழ வச்சிட்டியேடா பாவின்னு கேக்கணும். அதுக்கு அவன் என்ன சொல்றான்னு என் காதால கேக்கணும். பெத்தவளுக்கு அதுகூட இல்லன்னா எப்படி?"

பொற்கொடிக்கு அவள்மேல் பரிதாபம் வந்தது. அவளை அப்படி உட்காரவைத்திருக்கும் சட்டத்தின்மேலும், திரைக்குள் மாட்டேன் மாட்டேன் என்று கிளிப்பிள்ளையாகச் சொல்லும் மகிழ்நன்கள்மேலும் ஆத்திரம் வந்தது. உள்ளே போனாள்.

கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் சகாயராஜ் காதில் இயர்போனோடு பழைய உரையாடல்களைத் திரும்ப ஓடவிட்டுக் கொண்டிருந்தான். நாற்பது வயது. அதிகம் பேசமாட்டான். பேசினால் பொற்கொடிக்குக் கோபம் வரும்படிதான் பேசுவான்.

"மேடம், நேத்து எழுப்பினவன் மொத கேள்வியா என்ன கேட்டான், ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நகலை எழுப்பியதும் முதலில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. அவளும் சொன்னாள்: "மகிழ்நன், நீங்க இப்ப உயிரோட இல்ல. நீங்க ஒரு நகல்."

அவன் முகம் வெளிறியது. "அப்ப நான் பொட்டு வச்சிருந்தது மத்த நாலு பேருக்கும் தெரிஞ்சிருச்சா?"

"செத்துட்டீங்கன்னு சொல்றேன்."

"கேட்டுச்சு மேடம். துரை அண்ணனுக்குத் தெரியுமா? அத மட்டும் சொல்லுங்க."

பொற்கொடி அதைச் சம்பந்தமில்லாத பேச்சு என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருந்தாள்.

"இதே கேள்விய அதுக்கு முந்தின ஆறு பேரும் கேட்டிருக்காங்க மேடம். ஆறு தடவையும் சம்பந்தமில்லாத பேச்சுன்னுதான் எழுதியிருக்கீங்க."

"இப்ப அதுக்கு என்ன?"

"சும்மா இருக்கட்டுமேன்னு மத்த நாலு பேர் பேரையும் போட்டுக் கிடங்குல தேடினேன். துரைப்பாண்டி, அருளப்பன், வெற்றி, ஷியாம். நாலு பேருக்கும் நகல் இருக்கு. நாலு பேரும் திருட்டுப் பொட்டு. ஒருத்தன் அக்குள்ல, ஒருத்தன் தாடிக்குள்ள. அந்தத் துரைப்பாண்டி, வேன் ஓட்டினவன், கூட்டத்துல மேடையேறி மூணு மணி நேரம் பொட்டுக்கு எதிரா பேசுவானே, அவன் உள்நாக்குக்குப் பக்கத்துல ஒட்டியிருக்கான். எப்படித்தான் சோறு தின்னானோ."

பொற்கொடி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

அன்று பிற்பகலுக்குள் நான்கு பேரின் கடைசி நகல்களையும் தனித்தனியே எழுப்பிக் கேட்டாள். நால்வரும் மாட்டேன் என்றார்கள். நால்வரும் வழியில் இறங்கிவிடுவதாகச் சொன்னார்கள். நால்வரும், நீ ஒரு நகல் என்று சொன்ன மாத்திரத்தில், மற்றவர்களுக்குத் தெரிந்துவிட்டதா என்று பதறினார்கள். தான் ஒருவன்தான் கள்ளன், மற்ற நால்வரும் சொக்கத்தங்கம் என்று ஒவ்வொருவனும் சத்தியமாக நம்பினான். துரைப்பாண்டி அழுதேவிட்டான். "பசங்க என்ன நம்பி வந்தானுங்க மேடம். அவனுங்க முன்னாடி நான் எப்படி முழிப்பேன்?" என்றான். பதினோரு பேரைக் கொன்றதற்கு அவன் அழவில்லை. அந்தப் பேச்சை எடுத்தபோது தலையைக் குனிந்துகொண்டான், அவ்வளவுதான்.

பொற்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் மகிழ்நனைத் திரும்ப எழுப்பினாள்.

"உள்ள ஆளுங்க இருப்பாங்கன்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அதப்பத்தி நீங்க அஞ்சு பேரும் என்ன பேசிக்கிட்டீங்க?"

"பேசிக்கல மேடம். யாராவது எடுத்தா பேசலாம்னு இருந்தேன். யாரும் எடுக்கல."

"வேதம் படிக்கறீங்க, விளக்கம் படிக்கறீங்க, ராத்திரி பகலா விவாதம் பண்றீங்க. இத மட்டும் ஒருத்தரும் எடுக்கல?"

"மேடம், நான் காலேஜ் முடிச்சு நாலு வருஷம். எந்த எடத்துலயும் நான் வரலன்னு யாரும் தேடினதில்ல. அவங்க அஞ்சு மணிக்கே குளிச்சிட்டு எனக்காகக் காத்திட்டிருப்பாங்க. நான் போனாத்தான் கஞ்சியில கை வைப்பாங்க. அப்படிப்பட்டவங்ககிட்ட போய் எனக்குப் பயமா இருக்குன்னு எப்படிச் சொல்றது? அவங்களுக்கெல்லாம் பயமே இல்ல."

"அவங்க நாலு பேரும் பொட்டு வச்சிருந்தாங்க. உன்ன மாதிரியே." மரியாதை தானாகக் கழன்றுவிட்டது. "உனக்குத் தெரியக் கூடாதுன்னு மறச்சு வச்சிருந்தாங்க."

திரையில் அந்த முகம் போன போக்கைப் பொற்கொடி சாகும்வரை மறக்கமாட்டாள். முதலில் நம்பவில்லை. பிறகு சிரிக்கப் பார்த்தான். பிறகு, "துரை அண்ணனுமா?" என்றான். ஆமாம் என்றாள்.

"அணைக்கட்டுமா?" என்று கேட்டாள். "உங்க மதத்துப்படி அணைக்கிறது விடுதலைதானே?"

"அம்மாகிட்ட ஒரு தடவ பேசிட்டு அணைக்கலாமா மேடம்?"

அதற்கு அவளுக்கு அதிகாரமில்லை. இல்லை என்று சொல்ல வாய் வராமல், பார்க்கலாம் என்றாள்.

அதற்கப்புறம் செய்ததை அவள் விதிமுறைக்குள் எப்படியோ மடக்கித் திணித்தாள். ஐந்து பேரின் கடைசி நகல்களையும், நகல் என்று சொல்லாமல், ஒரே காட்சிக்குள் எழுப்பச் சொன்னாள். அன்றைய விடியற்காலை, அந்த வேன், அந்தச் சாலை. சகாயராஜ் இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கட்டினான். சாலையோர டீக்கடைகளைக்கூட விடவில்லை.

இருபது முறை ஓட்டினார்கள். பத்தொன்பது முறை வேன் நேராகக் கிடங்குக்குப் போனது. பொற்கொடி ஒவ்வொரு முறையும் ஐந்து பேரின் மனஅளவியையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்திலும் பயம் உச்சத்தில். ஐந்திலும் இறங்க வேண்டும் என்ற துடிப்பு. ஐந்து வாயும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. எவனுக்கு அதிகம் பயமோ அவன் அதிகச் சத்தமாகப் பாடினான். அந்தச் சத்தத்தைக் கேட்டு மற்றவன் வெட்கப்பட்டுத் தன் குரலை இன்னும் ஏற்றினான். பார்க்கப் பார்க்கப் பொற்கொடிக்கு எழுந்துபோய்த் திரைக்குள் கையைவிட்டு ஐந்து பேரையும் காதைப் பிடித்து இழுத்துவிடலாம் போலிருந்தது. "இறங்கித் தொலைங்கடா!" என்று ஒருதரம் கத்தியேவிட்டாள். சகாயராஜ் திரும்பிப் பார்க்கவில்லை.

பதின்மூன்றாவது முறை மட்டும் வேறு மாதிரி ஆனது. வெற்றி என்கிற பையனுக்கு வண்டி குலுக்கியதில் வாந்தி வந்துவிட்டது. துரைப்பாண்டி திட்டிக்கொண்டே ஓரங்கட்டினான். வெற்றி வாய் கொப்பளிக்கிறவரைக்கும் மற்றவர்கள் சும்மா நிற்க வேண்டியிருந்தது. பாட்டு நின்றுபோயிருந்தது. அந்த நேரம் பார்த்து மகிழ்நன், "இவன வச்சிக்கிட்டு இன்னிக்கே போகணுமா?" என்று முனகினான். அவ்வளவுதான். "அதானே", "நானும் அதத்தான் நெனச்சேன்", "உடம்பு முடியாதவன இழுத்துக்கிட்டு எப்படி", எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. துரைப்பாண்டி வண்டிச் சாவியைத் தூக்கிக் கரும்புக் கொல்லைக்குள் எறிந்தான். ஐந்து பேரும் டீக்கடையில் உட்கார்ந்து ஆளுக்கு எட்டு இட்லி தின்றார்கள். போதனை தப்பென்று ஒருவனும் சொல்லவில்லை. ஆவிகள் பூட்டிக்கிடக்கின்றன என்பதில் ஒருவனுக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் பதினோரு பேர் அன்று சாகவில்லை.

"அப்ப அஞ்சு பேரும் அப்பாவியா மேடம்?" என்றான் சகாயராஜ்.

"யார் சொன்னா அப்பாவின்னு?" பொற்கொடி சீறினாள். "பதினோரு பேர் செத்திருக்காங்க. அஞ்சு பேரும் கொலகாரங்கதான். ஆனா தனித்தனியா தேடினா கொலகாரன் அகப்படமாட்டான். அஞ்சு பேரும் சேர்ந்து உக்காந்தாத்தான் அவன் வர்றான். அவனுக்கு எந்தத் தேதிய எழுதறது?"

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல மேடம்."

"தெரியும்யா!"

பதினான்கு பக்கத்துக்கு அறிக்கை எழுதினாள். கறை நாள் என்று ஒன்று இல்லை. இந்த நகல்களை அழிக்கக் கூடாது. தாய் பேசட்டும். அதைவிட முக்கியம், விடுவிப்பார் கூட்டத்தில் இன்னும் முந்நூறு பேர் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் திருட்டுப் பொட்டோ யார் கண்டது? இந்த ஐவரையும் அவர்கள் முன் பேசவிட்டால், அடுத்த வேன் கிளம்பாமல் போகலாம். எழுதி முடித்தபோது, வேலையில் சேர்ந்த இருபத்தாறு வருஷத்தில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் இதுதான் என்று தோன்றியது.

சட்டத்தில் ஒரு சிக்கலும் இருந்தது. நாள் குறிக்க முடியாவிட்டால் ஒன்பதாவது விதிப்படி எல்லா நகலும் அழிவுக்குப் போகும். ஆனால் குழுவின் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டால்தான் போகும். ஒரே ஒருவர் மறுத்தாலும் விஷயம் கோர்ட்டுக்கு. கோர்ட் தீர்க்கும்வரை நகல்களை யாரும் தொடக் கூடாது. கோர்ட் என்றால் குறைந்தது பத்து வருஷம்.

ஒருவர்தானே வேண்டும்? பொற்கொடிக்குக் கவலையே இல்லை. குழுவிலிருந்த வழக்கறிஞர் சந்தானகிருஷ்ணன் திங்கட்கிழமை டீ குடிக்கும்போதே சொல்லிவிட்டார்: "இது அநியாயம் மேடம். செத்தவனோட அம்மாவுக்குப் போடற தண்டனை." டி.எஸ்.பி. நசீமா போனில் சொன்னாள்: "அந்த நகல்கள் எனக்கு வேணும் டாக்டர். நாளைக்கே இன்னொரு வேன் கிளம்பினா நான் யார்கிட்ட போய்க் கேப்பேன்?" மூளை நரம்பு மருத்துவர் இனியன், குழுவிலேயே வயதில் சின்னவர், கூட்டத்துக்கு உள்ளே நுழையும்போது பொற்கொடியின் காதருகே, "உங்க ரிப்போர்ட்டைப் படிச்சிட்டுத் தூங்கவே முடியல மேடம்" என்றார்.

கூட்டம் மூன்றாவது மாடியில், மதியம் மூன்று மணிக்கு. பக்கோடாவும் காபியும் வந்தன. கீழே வாசலில் செத்தவர்களின் வீட்டார் சிலர் படங்களை வைத்துக்கொண்டு நின்றார்கள். டி.வி.காரர்களும் நின்றார்கள். வைத்தியலிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"டாக்டரோட அறிக்கை ரொம்ப அருமை. எல்லாரும் படிச்சிருப்பீங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள்.

"ஆக, நாள் குறிக்க முடியாதுங்கறது தெளிவாயிருச்சு. அப்ப ஒன்பதாவது விதிதான். வேற வழியில்ல. மேலேருந்தும் அதத்தான் எதிர்பாக்கறாங்க. கீழ நிக்கறவங்களுக்கும் ஒரு நிம்மதி. யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?"

பொற்கொடி சந்தானகிருஷ்ணனைப் பார்த்தாள். சட்டம் தெரிந்தவர் ஆரம்பித்தால்தான் எடுபடும். தான் ஆரம்பித்தால், தன் அறிக்கைக்குத் தானே வக்காலத்து வாங்குகிறாள் என்பார்கள். அவர் முதலில் ஒரு வார்த்தை சொல்லட்டும், பின்னாலேயே பிடித்துக்கொள்ளலாம். சந்தானகிருஷ்ணன் பக்கோடாவிலிருந்து ஒரு கறிவேப்பிலையைப் பொறுக்கி எடுத்துத் தட்டோரம் வைத்தார்.

நசீமா? அவள் ஜன்னல் வழியே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லது. மாற்றுக் கருத்து இல்ல" என்றார் வைத்தியலிங்கம். தாள் சுற்றுக்கு வந்தது.

சந்தானகிருஷ்ணன் பேனாவை எடுத்தார். மறுத்து எழுதப்போகிறார் என்று பொற்கொடி நினைத்தாள். சரக்கென்று போட்டுத் தள்ளினார். பொற்கொடிக்குச் சுரீரென்றது. இவர் போட்டுவிட்டாரே, அப்படியானால் திங்கட்கிழமை பேசியது சும்மா பேச்சா? நசீமா படித்துக்கூடப் பார்க்காமல் போட்டாள். இரண்டு பேர் போட்ட தாளைக் கையில் வாங்கிக்கொண்டு, இப்போது தான் மட்டும் எழுந்து மாட்டேன் என்றால் இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? அறிக்கை எழுதினவள் கொலைகாரர்களுக்குப் பரிந்துகொண்டு வந்தாள் என்றல்லவா ஆகும்? அவர்களெல்லாம் தெளிவாக இருக்கிறார்கள். தனக்குத்தான் ஏதோ உறுத்தல். ஒருவேளை அந்தத் திரையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டோமோ?

காபி ஆறிக்கொண்டிருந்தது. எல்லாரும் தாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். யாரையும் காக்கவைப்பது பொற்கொடிக்குப் பழக்கமில்லை.

கையெழுத்துப் போட்டாள்.

இனியன் தாளை வாங்கினார். ஒரு தடவை அவளை நிமிர்ந்து பார்த்தார். போட்டார். கடைசியாக வைத்தியலிங்கம் போட்டு, மணியடித்து, தாளைக் கீழே கணினி அறைக்கு அனுப்பினார். ஐந்து பேரின் நகல்கள் மொத்தமும், ஆயிரத்துச் சொச்சம் விடியற்காலைகள், அழிய எவ்வளவு நேரம் ஆகும் என்று நசீமா கேட்டாள். நாலு நிமிஷம் என்றார் வைத்தியலிங்கம்.

லிஃப்டில் ஐந்து பேரும் சேர்ந்தே இறங்கினார்கள். லிஃப்ட் இரண்டாவது மாடியைத் தாண்டியது.

"நீங்க ஆரம்பிப்பீங்கன்னு இருந்தேன் மேடம்" என்றார் சந்தானகிருஷ்ணன், கதவைப் பார்த்துக்கொண்டே. "ரிப்போர்ட் எழுதினது நீங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சட்டப் பாயிண்டை நான் பிடிச்சிருப்பேன்."

"நானும் உங்களத்தான் பாத்திட்டிருந்தேன் சார்" என்றாள் நசீமா. "நீங்க போட்டதும், சரி, ஏதோ சட்டம் இடம் குடுக்கலபோலன்னு விட்டுட்டேன்."

இனியன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

வைத்தியலிங்கம் பெருமூச்சு விட்டார். "என்னங்க நீங்கல்லாம்! யாராவது ஒருத்தர் மாட்டேன்னு சொன்னா கோர்ட்டுக்குத் தள்ளிவிட்டுக் கையக் கழுவலாம்னு நான் காலையிலேருந்து வேண்டாத சாமி இல்ல. தலைவரா உக்காந்துக்கிட்டு நானேவா சொல்ல முடியும்?"

லிஃப்ட் கதவு திறந்தது.

பாக்கியம் வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஐந்து பேரும் ஒன்றாக வருவதைப் பார்த்துப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். மற்ற நால்வரும் அவளைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். பொற்கொடியால் போக முடியவில்லை.

"தேதி கெடச்சுதா டாக்டரம்மா?"

"இல்லம்மா. எல்லாத்தையும் அழிச்சிட்டாங்க." சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அழிச்சிட்டோம்."

பாக்கியம் அழவில்லை. கத்தவுமில்லை. புரியாத கணக்கைப் போட்டுப் பார்க்கிறவள் மாதிரி அவளைப் பார்த்தாள்.

"நீங்க அஞ்சு பேருமே அதான் சரின்னு சொன்னீங்களா?"

"இல்லம்மா." பொய் சொல்லப் பொற்கொடிக்குத் தெம்பில்லை. "யாருக்குமே மனசில்ல. வேற யாராவது சொல்லுவாங்கன்னு ஒவ்வொருத்தரும் இருந்துட்டோம்."

"அப்ப இத்தன நாளா எம் பையன எழுப்பி எழுப்பி என்னத்தக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. லால்குடி பஸ் நாலேகாலுக்கு. பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, படங்களை ஏந்தி நின்றவர்களுக்கு நடுவே தலையைக் குனிந்துகொண்டு போனாள்.